வாகனமும் வாய்மையும்

விரைவின்மீது விருப்பம் கொள்வது மனித இயல்பு. நடப்பவன் ஓட விரும்புகிறான். ஓடுபவன் ஏறிச் செல்ல விரும்புகிறான். ஏறிச் செல்பவனோ தன்னை முந்திச் செல்பவனைக் கண்டு பெருமூச்செறிகிறான். இவ்வியல்பை இஸ்லாம் பழித்ததில்லை, நெறிப்படுத்தியது. குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றை மனிதர் ஏறிச் செல்வதற்காகப் படைத்ததைக் கூறும் திருமறையின் 16-ஆம் அத்தியாயம், அவற்றில் அலங்காரமும் உண்டு என்பதைச் சேர்த்தே கூறுகிறது; மனிதர் அறியாத வேறு பலவற்றையும் இறைவன் படைப்பான் என்று அவ்விடத்திலேயே குறிப்பிடுகிறது. நபிபெருமான் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சியால் உடல் இறுகிய குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து தனிய்யத்துல் வதா வரையிலும், பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலும் எல்லை வகுத்தார்கள். இளைஞராயிருந்த இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் கலந்துகொண்டு குதிரை ஓட்டினார்கள். குதிரையின் தரம் அறிந்து தூரத்தை வேறுபடுத்திய அந்த நுட்பம் எண்ணி மகிழத்தக்கது.

எங்கள் கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் அமைந்த ஊர். செஞ்சி என்றதும் தேசிங்கு ராஜனின் பெயரோடு அவன் ஏறிய பாராசாரிக் குதிரையின் பெயரும் இப்பகுதி முதியோரின் நாவில் வந்து நிற்கும். 1714-இல் ஆர்க்காட்டு நவாப் சஆதத்துல்லா கானின் படையை எதிர்த்து அவன் மாண்டபோது, அவனுடைய உயிர்த்தோழரான மஹபத் கான் என்னும் முஸ்லிம் வீரரும் அப்போரில் உயிர் துறந்தார். அந்தத் தோழரையும் அவர் ஏறிய நீலவேணிக் குதிரையையும் நாட்டுப்புறக் கதைப்பாடல் மறக்கவில்லை.

தமிழ் முஸ்லிம்களுக்கும் குதிரைக்கும் உள்ள உறவு இதனினும் பழமையானது. இராவுத்தர் என்னும் சொல்லே குதிரை வீரரைக் குறிப்பது. பாண்டியர் காலத்தில் காயல் துறைமுகத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கியதை மார்க்கோ போலோ எழுதியுள்ளார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் தரும் செய்தி இன்னும் விரிவானது. கீஷ் தீவின் தலைவர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்புவதென்றும், குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார் விலையென்றும், வழியில் கடலில் குதிரை இறந்துபட்டாலும் அதன் விலை பாண்டியர் கருவூலத்திலிருந்து கொடுக்கப்பட வேண்டுமென்றும் உடன்பாடு இருந்ததாம். அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் அந்நாளில் பாண்டிய நாட்டுக் கரையில் அதிகாரம் பெற்றிருந்தார். விலையும் நட்டப் பொறுப்பும் முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்ட வாணிபம் அது. கடல் கடந்து வந்த விரைவுக்கு நம் முன்னோர் விலை மதித்த வரலாறு இது.

அந்த முன்னோரின் வழித்தோன்றல்கள் இன்று விலை மதிப்பது ஜப்பான் நாட்டு வாகனங்களை. 1980-களின் நடுப்பகுதியில் ஜப்பானிய நிறுவனங்கள் இந்திய நிறுவனங்களுடன் கூட்டுச் சேர்ந்து 100 சி.சி. மோட்டார் சைக்கிள்களை நம் சாலைகளுக்குக் கொண்டுவந்தன. ஓசூரில் 1984-இல் இந்த்-சுசூகி பிறந்தது. 1985-இல் ஹீரோ ஹோண்டா வந்தது. அதே ஆண்டின் இறுதியில் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் வழியே யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்தது. இவற்றுள் ஆர்.எக்ஸ். 100 அடைந்த புகழ் தனித்தது. 98 சி.சி. கொள்ளளவும், 11 குதிரைத் திறனும், ஏறத்தாழ 100 கிலோ எடையும் கொண்ட சிறு வாகனம் அது. ஆனால் அதன் எஞ்சின் இருவீச்சு வகையைச் சேர்ந்தது. நான்குவீச்சு எஞ்சினில் அச்சு இரு முறை சுழன்றால் ஒரு முறைதான் எரிபொருள் எரியும். இருவீச்சு எஞ்சினிலோ ஒவ்வொரு சுழற்சியிலும் எரியும். எடை குறைவு, திறன் மிகுதி. ஆகவே அம்புபோல் பாயும். எரிபொருளோடு எண்ணெயும் சேர்ந்து எரிவதால் நீலப்புகை கக்குவது அதன் குறை. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது, 1996-இல் அதன் உற்பத்தி நின்றது. உற்பத்தி நின்ற நாளிலிருந்து அதன் மதிப்பு வளரத் தொடங்கியது எனலாம்.

கார்களின் கதையும் இதுவே. மிட்சுபிஷி நிறுவனத்தின் லான்சர் கார், 1998-இல் நம் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் உருவாகத் தொடங்கியது. அதன் இனத்தைச் சேர்ந்த லான்சர் எவல்யூஷன் காரைச் செலுத்தித்தான் பின்லாந்து நாட்டு டாமி மாக்கினன், 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் உலக ராலிப் பந்தயத்தில் ஓட்டுநர் பட்டம் வென்றார். திருவள்ளூர் லான்சருக்கு அந்தப் பந்தயக் காரின் ஆற்றல் கிடையாது. ஆயினும் குலப்பெருமை குலப்பெருமையே என்று அதனைப் பேணுவோர் தமிழகத்தில் உண்டு. அந்தத் தொழிற்சாலையில் இன்று உருவாவது சிட்ரோன் என்னும் பிரெஞ்சு நாட்டுக் கார். அமெரிக்காவிலோ, 25 ஆண்டு கடந்த அயல்நாட்டுக் கார்களுக்கு அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு. ஜப்பானில் 1989-இல் வெளிவந்த நிசான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். 2014-இல் அந்த வயதை எட்டியபோது, ஜப்பானின் பழைய கார்களைத் தேடி அமெரிக்கர் புறப்பட்டனர், விலைகள் ஏறின. திரைப்படமொன்றில் ஓடிய 1994-ஆம் ஆண்டு டொயோட்டா சுப்ரா கார் ஒன்று, 2021-இல் அங்கே 5,50,000 டாலருக்கு ஏலம் போயிற்று. இரும்பின் விலை அன்று இது, நினைவின் விலை.

பழைய வாகனத்தை எவ்வாறு மதிக்கின்றனர் என்பதை எங்கள் ஊர்ப் பட்டறைகளில் அமர்ந்து கேட்டிருக்கிறேன். மக்தபில் என்னிடம் ஓதிய பிள்ளைகள் சிலர் இன்று அங்கே மெக்கானிக்குகள். முதலில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பர். அடுத்து, டேங்க், சைலன்சர், கார்புரேட்டர் ஆகியவை வண்டியோடு வந்தவையா, பின்னர் வாங்கிப் பொருத்திய போலிகளா என்று தட்டியும் தடவியும் அறிவர். சிலிண்டரை எத்தனை முறை போர் செய்திருக்கிறார்கள் என்று வினவுவர். ஒவ்வொரு முறையும் உட்சுவர் கடையப்பட்டுப் பெரிய பிஸ்டன் போடப்படுவதால், ஓர் அளவுக்குமேல் அதற்கு இடமில்லை. ஹிஷாம் இப்னுல் கல்பீ என்னும் அறிஞர் அரபுக் குதிரைகளின் வமிசாவளியை நூலாகவே எழுதி வைத்தார். நம் பிள்ளைகள் சேசிஸ் எண்ணைத் துடைத்துப் படிப்பதும் அதே கலையின் தொடர்ச்சிதான்.

இனி, கலை இருக்கும் இடத்தில் களவும் இருக்கும். பாலைக் கறக்காமல் பல நாள் விட்டு, மடியைப் பெருக்கச் செய்து, மிகுந்த பால் தரும் ஆடென்று காட்டி விற்கும் வழக்கம் அரபு மக்களிடையே இருந்தது. இதனைத் தஸ்ரியா என்பர். நாயகம் (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். ஏமாந்தவர் அந்த ஆட்டைத் திருப்பித் தரலாமா என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அச்செயல் பாவம் என்பதில் எவருக்கும் வேறுபாடு இல்லை. 80,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியின் மீட்டரைத் திருகி 20,000 என்று காட்டுவது மடி கட்டிய ஆடன்றி வேறென்ன? வாங்கும் எண்ணமே இல்லாத நண்பனை அழைத்து வந்து, அதிக விலை கேட்பதுபோல் நடிக்கச் செய்வது நஜ்ஷ், அதுவும் தடுக்கப்பட்டது. துருவின்மேல் புது வண்ணம் பூசுவது, மேலே உலர்ந்த தானியத்தைப் பரப்பி அடியில் நனைந்ததை மறைப்பதற்கு ஒப்பாகும். மதீனாக் கடைத்தெருவில் அத்தகைய குவியலுள் திருக்கரத்தை விட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மோசடி செய்பவரைத் தம்மைச் சேர்ந்தவராக ஏற்க மறுத்தார்கள்.

“உள்ளது உள்ளபடி விற்கிறேன், பின்னர் என்னிடம் வரக்கூடாது” என்று சொல்லி விற்பதும் சந்தையில் வழக்கம். எல்லாக் குறைகளினின்றும் பொறுப்பு விலகி விற்பதை ஹனஃபி சட்டம் செல்லுபடியாகும் என்கிறது. ஷாஃபிஈ சட்டமோ, பிராணிகளில் விற்பவரே அறியாத உட்குறைக்கு மட்டுமே அவ்விலக்கை அளிக்கிறது. எனினும், அறிந்த குறையை அறிந்தே மறைப்பதற்கு எந்த மத்ஹபும் இறைவனிடத்தில் விடுதலை வாங்கித் தராது. எது குறை என்பதற்கு ஹனஃபி நூல்கள் கூறும் வரையறை எளிது: வணிகரின் வழக்கத்தில் விலையைக் குறைப்பது எதுவோ அதுவே குறை. ஆகவே, கிராங்கில் எழும் ஓசை குறையா இல்லையா என்பதை ஆலிமிடம் கேட்பதினும் மெக்கானிக்கிடம் கேட்பதே முறை.

இதுவரை சொன்னவை வாங்குவோனை விற்போன் ஏமாற்றும் வழிகள். விற்போனை வாங்குவோன் ஏமாற்றுவதும் உண்டு. அதைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் நிகழ்ந்ததைக் கூறுகிறேன்.

மாட்டுத் தரகராயிருந்த ஒருவர் காலமானார். கார்த்திகைத் தீபத்தையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தையில், துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதில் வல்லவர் அவர். மனைவியும், மகளும், சிறுவனான மகனும் அவர் விட்டுச் சென்றவர்கள். வீட்டின் பின்புறம் கீற்றுக் கொட்டகையில், அவர் ஓட்டிய 1988-ஆம் ஆண்டு ஆர்.எக்ஸ். 100 கோழிகளுக்குக் கூடாரமாகக் கிடந்தது. காயலான் கடைக்காரர் 4,000 ரூபாய்க்குக் கேட்டிருந்தார். பழைய இரும்புக் கடைக்கு வழங்கும் இப்பெயரே காயல்பட்டினத்தாரால் வந்தது என்பர். குதிரை வந்திறங்கிய காயலின் பெயர் இரும்புக் குதிரை சென்று முடியும் இடத்துக்கும் அமைந்தது காலத்தின் விந்தை.

என் பழைய மாணவர் ஒருவர் அவ்வண்டியைக் கண்டார். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பிசகாமல் இருந்தன; டேங்கும் பக்க மூடிகளும் வண்டியோடு பிறந்தவை. சிறு வயது முதல் அப்படியொரு வண்டிக்காக ஏங்கியவர் அவர். பட்டறைக் கூலியில் சேர்த்த 15,000 ரூபாய் அவர் கையில் இருந்தது. இரவுத் தொழுகைக்குப் பின் என்னிடம் வந்தார்.

“ஹஜ்ரத், அந்த வண்டி இருக்கிற நிலையிலேயே நாற்பத்தைந்தாயிரம் போகும். அவங்க நாலாயிரம் கிடைத்தால் போதும் என்கிறாங்க. நான் பத்தாயிரம் தருகிறேன். கேட்டதைவிட அதிகம்தானே? இரண்டு பேரும் மனம் ஒப்பினால் வியாபாரம் கூடும் என்று நீங்கள்தானே பாடம் சொன்னீங்க?”

கேள்வி எளிதானதன்று. லாபத்துக்கு இவ்வளவுதான் என்று மார்க்கம் அளவு வைக்கவில்லை. வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் தரம் அறியும் கண், பத்தாண்டு உழைப்பால் அவர் பெற்றது. அதற்கு ஊதியம் வேண்டுவது நியாயமே. சந்தையில் நிற்கும் வணிகர் ஒருவரிடம் இப்படி வாங்கினால் நான் அதிகம் பேசியிருக்க மாட்டேன். எனவே முதலில் அவரிடம், “தம்பி, வண்டி யாருடையது?” என்று கேட்டேன்.

“அவங்களுடையதுதான், ஹஜ்ரத்.”

“இல்லை. எட்டில் ஒரு பங்குதான் அவர்களுடையது. எஞ்சிய ஏழு பங்கும் அந்தப் பிள்ளைகளுடையது. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற கணக்கு. இறந்தவரின் பெற்றோரும் முன்பே காலமாகிவிட்டார்கள். பருவமடையாத அநாதையின் பொருளை யாராயினும் தகுந்த விலைக்குக் குறைத்து விற்க உரிமை இல்லை. தாயின் சம்மதம் பிள்ளையின் சம்மதம் ஆகாது. நீ பேசிய மன ஒப்புதல் இங்கே யாருடைய மனம்?”

அவர் மௌனமாக இருந்தார். பின்னர் அவருக்கு ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொன்னேன். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபி (ஸல்) அவர்களிடம் உறுதிமொழி அளித்தவர் அவர். அவருடைய பணியாளர் ஒரு குதிரையை 300 திர்ஹத்துக்கு விலை பேசி, பணம் பெற்றுக்கொள்ள உரிமையாளரை அழைத்து வந்தார். குதிரையைக் கண்ட ஜரீர் (ரலி), அது 300-க்கு மேல் பெறும் என்று கூறி, 400-க்குத் தருகிறீரா என்று கேட்டார். விற்பவர் இசைந்தார். அதனினும் மேலானது என்று தாமே நூறு நூறாக உயர்த்தி, இறுதியில் 800 திர்ஹம் கொடுத்து வாங்கினார். காரணம் கேட்டவர்களுக்கு அந்த உறுதிமொழியையே காட்டினார். அறிவுக்குக் கூலி உண்டு. பிறர் அறியாமையின்மேல் கூலி வாங்குவது அறமாகாது என்பதே அவர் காட்டிய வழி.

“அவ்வளவு பணம் என்னிடம் இல்லையே, ஹஜ்ரத்” என்றார் மாணவர். “இல்லை என்றால், உண்மையைச் சொல்லிவிட்டு ஒதுங்கு” என்றேன். சொல்வது எனக்கு எளிது. செய்வது அவருக்கு எவ்வளவு கடினம் என்பதை அவர் முகம் காட்டியது.

மறுநாள் அவர் சென்று அந்த அம்மையாரிடம் வண்டியின் உண்மை விலையைச் சொன்னார். கார்புரேட்டரைக் கழுவி, பிளக் மாற்றி, வண்டியை உயிர்ப்பித்தும் கொடுத்தார். அதற்குரிய கூலியாக 300 ரூபாய் மட்டும் பெற்றுக்கொண்டார். இரண்டு வாரத்தில் வேலூரிலிருந்து ஒருவர் வந்து, 48,000 ரூபாய் கொடுத்து வண்டியைக் கொண்டு சென்றார். மனைவிக்கு 6,000, மகனுக்கு 28,000, மகளுக்கு 14,000 என்று பங்கைக் கணக்கிட்டு எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகளின் தொகை அவர்கள் பெயரிலேயே தனியே வைக்கப்பட்டது.

வண்டி லாரியில் ஏற்றப்பட்டபோது என் மாணவர் பட்டறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறர் சொல்லக் கேட்டேன். அவர் இன்றும் டி.வி.எஸ். மொபெட்டில்தான் செல்கிறார். அப்படியொரு வண்டி அவருக்குப் பிறகு வாய்க்கவில்லை. விலையோ எட்டாத உயரத்துக்குச் சென்றுவிட்டது. அவருடைய இழப்பு உண்மையான இழப்பு. அதனைச் சிறிதாக்கிப் பேச எனக்கு மனமில்லை.

இத்தகைய கொடுக்கல் வாங்கலில் நாட்டுச் சட்டத்தையும் பேண வேண்டும். உரிமையாளர் இறந்தால் பதிவு முதலில் வாரிசின் பெயருக்கு மாற வேண்டும். அதன் பின்னரே வாங்குபவர் பெயருக்கு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், ஒரே மாநிலத்துக்குள் நிகழும் விற்பனையை விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், ஏட்டில் உரிமையாளராக உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது. பெயரை மாற்றாமல் கைமாற்றுவது, விற்றவரின் கழுத்தில் கயிற்றை விட்டுச் செல்வதாகும்.

ஸகாத்தைப் பற்றியும் இளைஞர்கள் கேட்கின்றனர். தாம் ஏறிச் செல்ல வைத்திருக்கும் வாகனத்துக்கு, அதன் விலை எத்தனை லட்சம் ஆனாலும், ஸகாத் இல்லை. விலை ஏறியபின் விற்கலாம் என்ற நோக்கத்தோடு வாங்கி வைத்தால் அது வணிகச் சரக்கு. ஆண்டு நிறைவில் அன்றைய சந்தை விலையை மதித்து, நூற்றுக்கு இரண்டரை கொடுக்க வேண்டும். பேணிக் காக்கும் ஆர்வலரா, பதுக்கி வைக்கும் வணிகரா என்பதை அவரவர் நெஞ்சமே அறியும்.

குதிரை வைத்திருப்போரை நபி (ஸல்) அவர்கள் மூவகையாகப் பிரித்தார்கள். ஒருவருக்கு அது நற்கூலி. ஒருவருக்கு வறுமையை மறைக்கும் திரை. பெருமைக்கும் பகட்டுக்கும் கட்டி வைத்தவருக்கோ அது பாவச் சுமை. குதிரை ஒன்றேதான், ஏறுபவரின் உள்ளமே வேறு. நோயாளியை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்லும் யமஹாவும், சைலன்சரைக் கழற்றிவிட்டு நள்ளிரவில் தெருவை எழுப்பும் யமஹாவும் ஒரே தொழிற்சாலையில் பிறந்தவைதாம். விரைவைச் சோதிக்க விரும்புவோருக்குச் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தளம் உண்டு. நபி (ஸல்) அவர்களும் பந்தயத்துக்கு எல்லை வகுத்துத்தான் ஓட விட்டார்கள். பிறர் நடமாடும் செஞ்சிச் சாலை அதற்குரிய இடமன்று.

அழகிய வாகனத்தை விரும்புவது குற்றமில்லை. அதன் எண்களைப் படிக்கக் கற்ற பிள்ளைகள், அதற்குப் பின்னால் நிற்கும் மனிதரின் உரிமையையும் படிக்கக் கற்க வேண்டும். வல்ல நாயன் நம் வாகனங்களில் பாதுகாப்பையும், நம் விலைப் பேச்சில் வாய்மையையும், உண்மைக்காக ஒன்றை விட்டுக்கொடுத்தோருக்கு அதனினும் மேலானதையும் தந்தருள்வானாக! ஆமீன்.